300 எம்பிபிஎஸ் பிளானில் 95 தான் வருதா? கேபிளைச் சோதிக்கும் கருவிகள் எவை?

கலூரில் ரூம், காக்கநாடு இன்ஃபோபார்க்கில் வேலை, வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே. 300 எம்பிபிஎஸ் பிளானுக்குப் பணம் கட்டுகிறீர்கள். ஆனால் லேப்டாப்பில் கேபிளைச் செருகி எத்தனை தடவை ஸ்பீடு டெஸ்ட் போட்டாலும் 95-ஐத் தாண்டவில்லை. கஸ்டமர் கேருடன் சண்டை போடும் முன் கேபிளைக் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

அதென்ன 95 கணக்கு?

ஈதர்நெட் கேபிளுக்குள் 8 கம்பிகள், அதாவது 4 ஜோடி. 1,000 எம்பிபிஎஸ் இணைப்புக்கு நான்கு ஜோடியும் தேவை. 100-க்கு இரண்டே போதும். மற்ற இரண்டு ஜோடிகளில் ஒரு கம்பி விட்டுப்போனால் நெட் நிற்காது. சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். அதில் உங்கள் கைக்கு வருவது சுமார் 95. வேறு கேபிள் மாட்டிப் பாருங்கள். வேகம் ஏறினால் குற்றவாளி சிக்கிவிட்டது.

சுவருக்குள் போகும் கேபிள் என்றால்?

* கேபிள் டெஸ்டர்: இரு முனையிலும் மாட்டினால் 1 முதல் 8 வரை விளக்கு எரியும். ஒன்று எரியாவிட்டால் கம்பி அறுந்திருக்கிறது. வரிசை மாறினால் கிரிம்பிங் தப்பு. ஆனால் எல்லா விளக்கும் எரிந்தாலும் வேகத்துக்கு உத்தரவாதம் இல்லை. ஜோடி பிரிந்து கோத்திருந்தால் இது காட்டாது.
* டோனர்: கேபிள் குவியலில் உங்களுடையது எது என்று ஒலியை வைத்துக் கண்டுபிடிக்கும்.
* டிடிஆர்: மின் துடிப்பை அனுப்பி, அது திரும்பிவரும் நேரத்தை வைத்து எத்தனையாவது மீட்டரில் பழுது என்று சொல்லும்.
* சர்டிஃபையர்: குறிப்பிட்ட வேகத்தைக் கேபிள் தாங்குமா என்று அளந்து ரிப்போர்ட் தரும். விலை அதிகம், அலுவலகங்களுக்கானது.

ஃபைபருக்கு?

மோடத்தில் 'எல்ஓஎஸ்' விளக்கு சிவப்பானால் ஒளி வரவில்லை என்று பொருள். டெக்னீஷியன் பவர் மீட்டர் வைத்தால் அளவைக் கேளுங்கள்: வீட்டு இணைப்புகளில் பரவலாக உள்ள ஜிபான் வகையில் மைனஸ் 27 டிபிஎம்-க்கும் கீழே போனால் இணைப்பு தடுமாறும். சிவப்பு லேசர் பேனா அடித்தால், ஃபைபர் உடைந்த இடத்தில் வெளிச்சம் கசியும். முனையைக் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள். தெருவில் எங்கோ அறுந்திருந்தால் ஓடிடிஆர் கருவி தூரத்தைச் சொல்லும்.

கொச்சியில் கரையேறும் 'சேஃப்' கடலடி கேபிள் தென்னாப்பிரிக்காவையும் மலேசியாவையும் இணைக்கிறது. நீளம் சுமார் 13,500 கி.மீ. கடலடியில் பழுது தேடுவதும் இதே தத்துவத்தில்தான்: ஒளியை அனுப்பு, எதிரொளிக்குக் காத்திரு.

அடுத்த முறை 'லைன் சரியா இருக்கு சார்' என்று பதில் வந்தால், 'ரீடிங் எவ்வளவு?' என்று கேளுங்கள்.