வாய்ப்புற்றுநோயின் கைச்சாத்து: ஒரு வரலாற்று நோக்கு

வெற்றிலைத் தட்டம் இன்றி மங்கல காரியம் எதுவும் யாழ்ப்பாணத்தில் நிறைவேறுவதில்லை. வந்தாரை வரவேற்றற்கும், மணம் பேசி முடித்தற்கும், பகை தீர்ந்தமையைக் காட்டுதற்கும் வெற்றிலையும் பாக்குமே முற்பட்டன. புகையிலை இவற்றோடு சேர்ந்தது மிகப் பிற்காலத்திலாகும். அமெரிக்கக் கண்டத்துச் செடியாகிய அது போர்த்துக்கேயர் வழியாகக் கீழைத்தேசங்களை அடைந்தது. ஒல்லாந்தர் ஆட்சிக்காலத்தில் குடாநாட்டுத் தோட்டங்களில் கிணற்று நீர் பாய்ச்சி விளைவிக்கப்பட்ட புகையிலை, கடல் கடந்து திருவிதாங்கூருக்குச் செல்லும் பெரும் வாணிபப் பொருளாயிற்று. பின்னர்ச் சுருட்டுத் தொழிலும் வளர்ந்து, யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கடைகள் தென்னிலங்கை எங்கும் பரவின.

பொருளீட்டித் தந்த அவ்விலை தந்த நோயைப் பற்றி முதலிற் பேசியோர் வைத்தியர்களே. சென்னையிற் பணிபுரிந்த நிப்ளொக் என்னும் சத்திரவைத்தியர், தென்னாட்டில் கன்னத்து உட்புறத்திலே தோன்றும் புற்றுநோய் மிகுந்திருத்தலைக் கண்டு, அதனை வெற்றிலை மெல்லும் வழக்கத்தோடு தொடர்புபடுத்தி 1902-ஆம் ஆண்டில் எழுதினார். திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நெய்யூர் மிஷன் வைத்தியசாலையில் ஓர் என்பார் ஆராய்ந்து 1933-இல் வெளியிட்ட கட்டுரையும் அதனையே வலியுறுத்திற்று. யாழ்ப்பாணப் புகையிலை சென்ற நாட்டிலிருந்தே இவ்வெச்சரிக்கை எழுந்தமை கருதத்தக்கது. எனினும் அங்குப் பிறவிடத்துப் புகையிலையும் விற்பனையானமையால், பழி முழுவதையும் யாழ்ப்பாணத்து இலையின்மேற் சுமத்துதல் நேர்மையாகாது.

இவ்வைத்தியர்கள் கைக்கொண்டது நோயாளரை எண்ணிப் பார்க்கும் முறை. அதற்கு ஒரு மறுப்பு எப்பொழுதும் இருந்தது. ஊரார் எல்லாரும் மெல்லும் நாட்டிலே நோயாளரும் மெல்லுவோராய் இருத்தலில் வியப்பென்ன? தொண்ணூறு வயது வரை வெற்றிலை போட்டு வாழ்ந்த பாட்டிமார் இல்லையா? இவ்வினாவை நகைத்துத் தள்ளிவிட முடியாது. நோயுற்ற கலத்தையே சாட்சி சொல்ல வைத்தாலன்றி இதற்கு நேர்விடை இல்லை. அச்சாட்சி கிடைத்தது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

உடம்பின் ஒவ்வொரு கலத்தின் உட்கருவிலும் டீ.என்.ஏ. என்னும் நீண்ட இழை உண்டு. அதன் இரட்டைச் சுருள் அமைப்பை உவாட்சனும் கிறிக்கும் 1953-இல் விளக்கினர். அடனின், தைமின், குவானின், சைற்றோசின் என்னும் நான்கே எழுத்துக்களால் ஏறக்குறைய 300 கோடி எழுத்து நீளத்துக்கு எழுதப்பட்ட ஏடு அது. கலம் பிரியுந்தோறும் அவ்வேடு படியெடுக்கப்படுகின்றது. படியெடுக்கையில் நேரும் எழுத்துப் பிழையே விகாரம் எனப்படும். பிழைகளுட் பெரும்பாலானவை தீங்கற்றவை. கலப்பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் இடங்களில் நேரும் சில பிழைகள் ஒன்றுசேரின் புற்றுநோய் பிறக்கும்.

சிறுப்பிட்டியிற் பிறந்து, 1887-இல் கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை போன்ற பதிப்பாசிரியர்கள் ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கிப் பட்ட பாடு தமிழறிந்தார் அறிந்ததே. ஏடெழுதுவோருள் ஒருவர் ழகரத்தை ளகரமாக்குவார்; மற்றொருவர் சீரொன்றை விட்டுச் செல்வார். பிழையின் வகையைக் கொண்டே எழுதிய கையை இனங்காணலாம். விஞ்ஞானிகள் புற்றுநோய்க் கலத்திற் செய்ததும் இதுவே. விகாரத்தை உண்டாக்கும் ஒவ்வொரு காரணமும் தனக்கேயுரிய பிழைவகையை விட்டுச் செல்கின்றது. அதனைக் காரணத்தின் கைச்சாத்து எனலாம்.

1991-ஆம் ஆண்டிலே இதன் முதற் சான்றுகள் தெளிவாயின. பி53 என்னும் ஒரே மரபணுவை ஆராய்ந்தோர், தோற்புற்றுநோயில் சூரியனின் புறஊதாக் கதிர் விட்ட அடையாளத்தையும், சீனத்திலும் தென்னாபிரிக்காவிலும் ஈரற்புற்றுநோயில் பூஞ்சணம் பிடித்த தானியத்தின் அஃபிளடொக்சின் நஞ்சு விட்ட அடையாளத்தையும் கண்டனர். ஒரு மரபணுவை விடுத்து முழு ஏட்டையும் வாசிக்கும் கருவிகள் வந்தபின் ஆராய்ச்சி விரிந்தது. மாறிய எழுத்து ஆறு வகை; அதன் இருபுறத்தும் நிற்கும் எழுத்துக்களையும் சேர்த்தெண்ணின் 96 வகை. கேம்பிறிட்ஜ் அருகிலுள்ள சாங்கர் நிலையத்தில் அலெக்சாண்டிரொவ், ஸ்ராற்றன் முதலியோர் 7,042 புற்றுக்கட்டிகளின் விகாரங்களை இவ்வாறு வகுத்து, கலந்து கிடந்த கையெழுத்துக்களைக் கணித முறையாற் பிரித்து, இருபதுக்கு மேற்பட்ட கைச்சாத்துக்களை 2013-இல் வெளியிட்டனர்.

புகையின் கைச்சாத்து அவற்றுள் மிகத் தெளிவானது. புகையிலுள்ள பென்சோபைரீன் குவானினைப் பற்றிக்கொள்ள, படியெடுக்கையில் அவ்விடத்திலே தைமின் புகுந்துவிடுகின்றது. நாளொன்றுக்கு 20 சிகரெற்று வீதம் ஓராண்டு புகைப்பவரின் நுரையீரற் கலமொன்றில் சராசரி 150 விகாரங்களும், குரல்வளைக் கலத்தில் 97 விகாரங்களும், வாயின் கலத்தில் 23 விகாரங்களும் சேர்கின்றன என 2016-இல் கணித்தனர். நுரையீரலையே நினைந்து வாயை மறந்தோர் இக்கடைசித் தொகையை நோக்குக.

மெல்லுவோர் நிலை என்ன? இந்தியாவில் புகையிலை மெல்லுவோருக்கு ஈற்றிலும் கன்னத்திலும் உண்டான புற்றுநோய்களின் மரபணு ஏடுகள் வாசிக்கப்பட்டபோது, புகைப்போரின் கைச்சாத்தை ஒத்தும் முற்றாக ஒவ்வாதும் உள்ள வேறொரு கைச்சாத்து வெளிப்பட்டது. அது பட்டியலில் 29-ஆம் இலக்கத்தைப் பெற்றுள்ளது. பாட்டியை முன்னிறுத்திய மறுப்புக்கு இங்கே விடை உண்டு. மெல்லுவோர் அனைவருக்கும் நோய் வரும் என எவரும் கூறவில்லை. நோய் வந்த கலத்திலே மென்ற பொருள் கையொப்பமிட்டுள்ளது என்பதே கூற்று. எல்லாப் பிழைகளும் புறத்திருந்து வருவனவும் அல்ல. வைரசுகளை எதிர்ப்பதற்கென உடம்பு வைத்திருக்கும் அப்போபெக் என்னும் நொதியமே சிலவேளை தன் ஏட்டைத் திருத்தப் புகுந்து கெடுத்துவிடுகின்றது. வாய்ப்புற்றுநோய்களில் இதன் கையும் பெரும்பாலும் காணப்படும்.

இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்றுநோய் முன்வரிசையில் நிற்பது. நெடுங்காலம் வடபகுதி நோயாளர் பலர் சிகிச்சைக்கு மகரகமை வரை செல்லவேண்டியிருந்தது. 2011-இல் தெற்கு முனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து திரட்டிய பொதுமக்கள் நிதியால் தெல்லிப்பழையில் 2013-இல் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது.

புகையிலையைக் குற்றஞ் சொல்லிப் பாக்கை விடுவித்தோரும் உளர். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1985-இல் புகையிலை சேர்ந்த வெற்றிலையையே மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பதெனத் தீர்த்தமையால் அவர் கூற்று அக்காலத்தில் வலுப்பெற்றது. 2003-இல் அதே முகவரகம் கூட்டிய அறிஞர் குழு, புகையிலை சேராத வெற்றிலையும், தனிப்பாக்குமே அத்தகையன என முடிவு செய்தது. பாக்கிலுள்ள அரிகோலின் முதலியவற்றிலிருந்து நைத்திரசோ சேர்வைகள் வாயிலே உண்டாகின்றன. பாக்கு மெல்லுவோருக்கு வாயின் உட்தோல் இறுகி, வாய் திறக்கவும் இயலாத நிலை உண்டாதலும், அந்நோய் சிலரிடத்தே புற்றாக மாறுதலும் வைத்தியர் நன்கு அறிந்தவை. புகையிலையை நீக்கிவிட்டு வெற்றிலையும் பாக்கும் மட்டும் போடுதல் தீங்கற்றது என்னும் வாதத்துக்கு அம்முடிவின் பின் விஞ்ஞான ஆதாரம் இல்லை.