பன்மாகேசுவர ரட்சை

கும்பகோணம் வட்டாரத்துச் சோழர் காலச் சிவன் கோயில்களில் கொடைக் கல்வெட்டுகள் பல ‘பன்மாகேசுவர ரட்சை’ என்று முடிகின்றன. கொடை சிவனடியார் அனைவரின் காவலில் உள்ளது என்பது பொருள். வைணவக் கோயில்களில் ‘ஸ்ரீவைஷ்ணவ ரட்சை’ என்பர்.

நந்தாவிளக்கு ஒன்றுக்கு 90 அல்லது 96 ஆடுகள் விடப்பட்டன. அவற்றை ஏற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். கொடையாளி இறந்தபின் யார் கேட்பது? ஆட்டையும் நிலத்தையும் விழுங்கும் வாய்ப்பு, வெளித்திருடனைவிடப் பொறுப்பேற்றவருக்கே அதிகம். எனவே அவர்கள் நடமாடும் சுவரிலேயே எச்சரிக்கை வெட்டப்பட்டது. கேடு செய்பவன் கங்கைக்கும் குமரிக்கும் இடையிலுள்ளோர் செய்த பாவமெல்லாம் கொள்வான் என்ற சாபமும் சில கல்வெட்டுகளில் சேர்ந்தது. பிற்காலத்தில் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற தோஷம் என எழுதுவது பெருவழக்காயிற்று.

படிக்கத் தெரியாதவருக்கு எல்லைக்கல் இருந்தது. சிவன் கோயில் நிலத்தில் சூலக்கல், பெருமாள் கோயில் நிலத்தில் சக்கரம் பொறித்த திருவாழிக்கல். இன்றைய எச்சரிக்கைப் பலகைக்கு மிக நெருங்கியது இதுவே.

சாபத்தை மட்டும் நம்பி அக்காலத்தவர் இருந்துவிடவில்லை. பாடிகாவல் என்னும் ஊர்க்காவலும் அதற்கான வரியும் இருந்தன. கோயில் கணக்கைத் தணிக்கை செய்து தண்டம் விதித்ததையும் கல்வெட்டுகள் கூறுகின்றன.

கல்வெட்டுக்கு அஞ்சாத சிலைக் கொள்ளையர் நம் காலத்தவர். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராசர் களவுபோய், 2008-இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்கு விற்கப்பட்டு, 2014-இல்தான் இந்தியா திரும்பினார். காவலற்ற சிற்றூர்க் கோயில்களின் திருமேனிகள் பல இன்று கும்பகோணம் முதலிய ஊர்களின் பாதுகாப்பு மையங்களில் பூட்டுக்குள் உள்ளன.