இலங்கை ஆங்கிலத் தரவகம்

இலங்கையில் வழங்கும் ஆங்கிலத்தின் பேச்சு, எழுத்து மாதிரிகளைக் கணினியில் தேடி ஆராயும் வகையில் திரட்டிய மொழித்தொகுப்பு. பன்னாட்டு ஆங்கிலத் தரவகத்தின் நாட்டுப் பிரிவுகளுள் ஒன்று. பன்னாட்டுத் திட்டத்தைத் தொடங்கியவர் சிட்னி கிரீன்பாம். இலங்கைப் பிரிவின் தொகுப்புப் பணியை ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழகம் முன்னெடுத்தது.

பொது வடிவமைப்பின்படி ஒவ்வொரு பிரிவும் ஏறத்தாழ 2,000 சொற்கள் கொண்ட 500 பனுவல்களால், அதாவது சுமார் 10 லட்சம் சொற்களால் ஆனது. இவற்றில் 300 பேச்சு, 200 எழுத்து. எழுத்துப் பகுதியில் அச்சேறாதவை 50: மாணவர் கட்டுரைகளும் விடைத்தாள்களும் 20, கடிதங்கள் 30. செம்மையாக்குநர் கைபடாத வழக்கு இவற்றிலேயே தெளிவாகப் புலப்படும்.

எல்லாப் பிரிவுகளுக்கும் வடிவமைப்பு ஒன்றே என்பதால் இலங்கை வழக்கை இந்திய, பிரித்தானிய வழக்குகளுடன் நேரடியாக ஒப்பிடலாம். வாக்கிய இறுதியில் 'நோ' சேர்த்துக் கேட்பது போன்ற பேச்சுக்கூறுகளை எழுத்துப் பகுதியில் மட்டும் தேடுவது போதாது. அருஞ்சொற்களுக்கு 10 லட்சம் சொற்கள் சிறிய அளவே; அவற்றுக்கு மைக்கேல் மெய்லரின் இலங்கை ஆங்கில அகராதி (2007) துணைசெய்யும்.