16 கிலோபைற்றுக்குள் ஓர் உலகம்: சோவியத் வீட்டுக் கணினிக்கு மென்பொருள் எழுதுதல்

சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்தது. எனினும், அங்கு வீட்டுப் பாவனைக்கென உருவாக்கப்பட்ட 'இலெக்ட்ரோனிக்கா பிகே-0010' கணினிக்கு ஆர்வலர்கள் இன்றும் மென்பொருள் எழுதி வருகின்றனர். மொஸ்கோவுக்கு அருகிலுள்ள செலனோகிராட்டில் வடிவமைக்கப்பட்ட இக்கணினி, 1980களின் நடுப்பகுதியில் விற்பனைக்கு வந்தது. வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியே அதன் திரை. நிரல்களைச் சேமிக்க ஒலிநாடாப் பதிவுக் கருவி பயன்பட்டது.

பழகிய கட்டளைகள்

இதன் 16 பிற் நுண்செயலி, அமெரிக்காவின் பி.டி.பி.-11 கணினியின் கட்டளைத் தொகுதியைப் பின்பற்றியது. சோவியத் ஆய்வு நிறுவனங்களிலும் அதே வகைக் கணினிகள் இருந்தன. மொஸ்கோவில் 'டெற்றிஸ்' விளையாட்டு முதலில் எழுதப்பட்ட 'இலெக்ட்ரோனிக்கா-60' அவற்றில் ஒன்று. வேலைத்தளத்தில் கற்ற அசெம்பிளி மொழி வீட்டிலும் கைகொடுத்தது.

இடநெருக்கடி

மொத்த நினைவகம் 32 கிலோபைற். அதில் 16 கிலோபைற்றைத் திரையே எடுத்துக்கொள்ளும். எஞ்சிய 16 கிலோபைற்றுக்குள் நிரல், படங்கள், தரவுகள் யாவும் அடங்க வேண்டும். திரையைக் காற்பங்காகச் சுருக்கினால் நிரலுக்கு 28 கிலோபைற் கிடைக்கும். ஆனால் படத்துக்கான இடம் குறைந்துவிடும்.

உருவங்களை நகர்த்தவோ இசை எழுப்பவோ தனிச் சில்லு கிடையாது. ஒவ்வொரு புள்ளியையும் நுண்செயலியே வரைய வேண்டும். ஒரேயொரு பிற்றை மாறி மாறி இயக்கியே ஒலி எழுப்பப்பட்டது. முதலில் ஃபோக்கல் மொழியும், பின்னர் வந்த 0010-01 வகையில் வில்னியஸ் பல்கலைக்கழகத்தில் உருவான பேசிக் மொழியும் கணினியிலேயே பதியப்பட்டிருந்தன. எனினும் வேகமான விளையாட்டுகளுக்கு அசெம்பிளி மொழியே ஏற்றதாக இருந்தது.

இன்றைய வழி

இப்போது நிரலை நவீன கணினியில் எழுதி, பழைய கணினியைப் போலச் செயற்படும் போன்மிப்பு மென்பொருளில் பரிசோதிக்கின்றனர். பின்னர் அதை ஒலிக்கோப்பாக மாற்றி, ஒலிநாடாவுக்கான இணைப்பின் ஊடாக உண்மையான கணினிக்குள் செலுத்துகின்றனர்.

அழியும் நாடாக்கள்

அக்கால நிரல்கள் பல, நாடாவிலிருந்து நாடாவுக்குப் படியெடுக்கப்பட்டே பரவின. காந்தப் பதிவு ஆண்டுகள் செல்லச் செல்ல மங்கும். வேறு பிரதி இல்லாத நிரல், அந்த நாடாவோடு மறைந்துவிடும். ஆகவே பழைய நாடாக்களை எண்மியமாக்குவது அவசரப் பணியாகிறது. ஆனால் கோப்பைக் காப்பாற்றினால் மட்டும் போதாது. அதைப் படித்து விளங்கக்கூடியவர்களும் இருக்க வேண்டும். இக்கணினிக்கு இன்று எழுதப்படும் ஒவ்வொரு புதிய நிரலும் அந்த அறிவை அடுத்த தலைமுறையிடம் கையளிக்கிறது.