ஆறாவது வாரத்துப் புதன்கிழமை: தாமிரபரணிக் கரையில் குழந்தைச் சிறுநீரகமும் ஸ்கேனும்

தாமிரபரணிக் கரையூர்களில் ஒரு குழந்தையின் சிறுநீரகத்தை முதன்முதலாகப் பார்க்கிறவர், தாயின் ஐந்தாம் மாதத்தில் ஸ்கேன் எடுக்கும் மருத்துவர்தான். 18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்கும் அதை ‘அனாமலி ஸ்கேன்’ என்றே ஊரில் சொல்கிறார்கள். தலை, முதுகெலும்பு, இதயம் என்று வரிசையாகப் பார்த்து வந்து, அறிக்கையின் அடிப்பகுதியில் சில வேளை ஒரு வரி விழும்: இடது சிறுநீரக பெல்விஸ் 6 மில்லிமீட்டர். சிறுநீரகத்தில் வடியும் நீர் குழாயில் இறங்குமுன் தேங்கும் புனல் போன்ற பகுதிதான் பெல்விஸ். அந்த மாதத்தில் அது 4 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். 28 வாரத்துக்குப் பிறகு 7 வரை போகலாம். நூறு கருவுறுதல்களில் ஒன்று முதல் ஐந்து வரை இப்படி அளவு மீறிய பெல்விஸ் வீக்கம் தென்படுகிறது.

இந்த வட்டாரத்தில் கருவிக்குப் பெரிய பஞ்சமில்லை. அறிக்கையிலுள்ள அந்த வரியும், பிறந்த குழந்தையும் பிறகு ஒரே மேசைக்கு வந்து சேர்வதில்லை என்பதுதான் இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் குறை.

காரணம் வீட்டு வழக்கத்தில் இருக்கிறது. ஐந்தாம் மாத ஸ்கேன் புகுந்த வீடு இருக்கும் தூத்துக்குடியிலோ சங்கரன்கோவிலிலோ எடுக்கப்படும். வளைகாப்பு முடிந்ததும் பெண் அம்பாசமுத்திரத்துக்கோ சேரன்மகாதேவிக்கோ தாய்வீடு வந்துவிடுவாள். தலைப்பிரசவம் அங்கே. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையோடு திரும்பிப் போவாள். கையிலிருக்கும் ஃபைலில் பிரசவம் பார்த்த மருத்துவருக்கு வேண்டியவை ரத்த வகை, சர்க்கரை அளவு, குழந்தையின் எடை. சிறுநீரக வரி அவருடைய அன்றைய கவலையில் இல்லை. பிரசவம் ஆனதும் ஃபைல் பீரோவுக்குள் போகிறது. படம் வெப்பத்தாளில் அச்சிட்டதானால், நெல்லை வெயிலில் கோடைக்குள் அதுவும் வெளிறிவிடும்.

வரி தொலைந்தால் எவ்வளவு நட்டம்? இதற்குக் கணக்கு உண்டு. லீயும் உடன் ஆய்ந்தவர்களும் 2006இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கருவில் லேசான வீக்கம் கண்ட குழந்தைகளில் 11.9 விழுக்காட்டினருக்குப் பிறந்த பின் உண்மையான கோளாறு இருந்தது. நடுத்தர வீக்கத்தில் 45.1, கடும் வீக்கத்தில் 88.3. ஆக, லேசான வீக்கத்துக்காகத் தாய் தூக்கத்தைத் தொலைக்க வேண்டியதில்லை. கடும் வீக்கத்தை ‘பிறந்தா சரியாயிரும்’ என்று விடுவதற்கும் இடமில்லை. இரண்டையும் பிரிப்பது பிறந்த பிறகு எடுக்கும் ஸ்கேன். அதை எந்த நாளில் எடுப்பது என்பதில்தான் பிழை நேர்கிறது.

மருத்துவமனைக்கு வசதியான நாள் சிறுநீரகத்துக்கு ஏற்ற நாளன்று. சுகப்பிரசவமானால் இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். போகிறபோதே குழந்தைக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் முதல் 48 மணி நேரத்தில் குழந்தை குடிக்கும் பாலும் குறைவு, உண்டாகும் சிறுநீரும் குறைவு. அடைப்புள்ள சிறுநீரகமும் அப்போது வற்றிய குளம்போல ஒழுங்காகத் தெரியும். ‘நார்மல்’ என்ற தாளை வாங்கிக்கொண்ட குடும்பம் மறுபடி வருவதில்லை. அந்த நாட்களில் ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்தும் பெரிய பயனில்லை. அது பெரும்பாலும் தாயின் அளவையே காட்டும். இந்தியக் குழந்தைச் சிறுநீரகவியல் சங்கத்தின் 2013ஆம் ஆண்டு நெறிமுறை, முதல் வாரத்துக்குள் ஒன்று, நான்கு முதல் ஆறு வாரத்தில் இன்னொன்று என்று இரண்டு ஸ்கேன் சொல்கிறது. முதலாவது சரியாக இருந்தாலும் இரண்டாவது வேண்டும்.

முதல் 48 மணி நேரத்தைத் தவிர்ப்பதற்கு விலக்கு ஒன்று: ஆண் குழந்தை, இரு பக்கமும் வீக்கம், சிறுநீர்ப்பைச் சுவர் தடிப்பு. சிறுநீர்த் தாரையில் பிறவியிலேயே அமைந்த வால்வு போன்ற சவ்வு வழியை மறிக்கும் நிலையாக இது இருக்கலாம். ஐயாயிரம் முதல் எட்டாயிரம் ஆண் பிறப்புகளில் ஒன்று என்பது பொதுவான மதிப்பீடு. இதில் முதல் இரண்டு நாட்களுக்குள்ளேயே ஸ்கேன் எடுத்தாக வேண்டும். ஸ்கேனுக்கு முன்பே இதைக் கவனிக்கக்கூடியவர் ஒருவர் வீட்டில் இருக்கிறார். அவர் ஆச்சி. காலை நீட்டிக் குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும்போது ஆண் பிள்ளையின் சிறுநீர் வளைந்து பாய்வதும், சில பிள்ளைக்குச் சொட்டுச் சொட்டாக இறங்குவதும் அவர் கண்ணில்தான் படும். நன்றாகப் பாய்வதை மட்டும் வைத்து அடைப்பில்லை என்று முடிவு கட்ட முடியாது. ஆனால் சொட்டுகிறது என்று ஆச்சி சொன்னால் அது மருத்துவக் குறிப்பில் ஏற வேண்டிய செய்தி. எந்தப் படிவத்திலும் ‘சிறுநீர் சொட்டுகிறதா’ என்ற கேள்விக்கு ஒரு கட்டம் ஒதுக்கினால் தகும்.

இரண்டாவது ஸ்கேனுக்குரிய ஆறாவது வாரத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் அது ஏற்கெனவே கிழமை குறித்த நாள். ஆறாவது வாரத்தில் முதல் பென்டாவேலன்ட் ஊசி. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசிக்குப் புதன்கிழமை. ஊசிக்கு வராத தாய் அரிது. வராவிட்டால் கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கே போய்க் கேட்பார். குழந்தையைத் தேடிப் பிடிக்கும் வேலையை அரசு பல்லாண்டாகச் செய்துவருகிறது. செவிலியரின் கைக்கு வராதது புகுந்த ஊரில் எழுதிய அந்த ஒரு வரிதான். அதற்கும் ஒரு நூல் இருக்கிறது: கர்ப்பத்தைப் பதிந்ததும் கிடைக்கும் பிக்மி எண். ஊர் மாறினாலும் அந்த எண் மாறாது. பிறப்புச் சான்றிதழ் வாங்கவும் அதைக் கேட்கிறார்கள். பெல்விஸ் அளவை மில்லிமீட்டரில் அந்தப் பதிவில் ஏற்றினால், ஆறாவது வாரத்தில் ஊசி போடும் கையே ஸ்கேனுக்குச் சீட்டும் எழுதிக் கொடுத்துவிடும்.

எல்லாக் குழந்தைகளுக்கும் ஸ்கேன் எடுத்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. இக்கட்டுரையாளருக்கு அதில் உடன்பாடில்லை. தானாக வடிந்துவிடும் லேசான வீக்கங்களை ஆயிரக்கணக்கில் கண்டுபிடித்து, ஒவ்வொரு வீட்டிலும் கலவரத்தை உண்டாக்கி, சிறுநீர்க் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை வரை இழுத்துச் செல்வதுதான் அதன் பலனாக இருக்கும். மறுபக்கம், 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் திட்டத்தைப் பார்க்கலாம். பிளவுண்ட உதடு, வளைந்த பாதம், இதயக் கோளாறு, கண்புரை என்று 30 நிலைகளைத் தேடச் சொல்லும் பட்டியலில் சிறுநீரகத்துக்கு இடமே இல்லை. வெளியே தெரியாத உறுப்பு என்பதால் விட்டுப்போயிருக்கலாம். ஆனால் இதை ஐந்தாம் மாதத்திலேயே ஒருவர் பார்த்து எழுதியும் வைத்துவிட்டார்.

இனி ஸ்கேன் அறைக்குள். பெரியவர்களின் வயிற்றையே நாளெல்லாம் பார்க்கும் கண், ஆறு வாரக் குழந்தையிடம் இரண்டு இடத்தில் தடுமாறும். பெரியவருக்குச் சிறுநீரகம் கல்லீரலை விடப் பளிச்சென்று தெரிந்தால் நோய்; பிறந்த குழந்தைக்கு அது இயல்பு, ஆறு மாதம் வாக்கில் மாறிவிடும். உள்ளே கறுப்பாகத் தெரியும் கூம்புப் பகுதிகளை நீர் தேங்கியதாக எண்ணி ‘வீக்கம்’ என்று எழுதிவிடுவதும் நடக்கிறது. நீளத்துக்கும் வயதுக்கேற்ற அளவு உண்டு. 1984இல் ரோசன்பாமும் கூட்டாளிகளும் தந்த சூத்திரப்படி, ஆறு மாதக் குழந்தைக்கு ஏறத்தாழ 5.9 செ.மீ., ஐந்து வயதில் 7.9 செ.மீ. அது அமெரிக்கக் குழந்தைகளின் கணக்கு. மும்பையில் 1000 இந்தியக் குழந்தைகளை அளந்த ஆய்வு 2012இல் ‘இந்தியன் பீடியாட்ரிக்ஸ்’ இதழில் வந்தது. நம் குழந்தைகளை ஒப்பிட அதுவே பொருத்தம்.

வரிசையும் முக்கியம். குளிர்ந்த ஜெல் வயிற்றில் பட்டதும் குழந்தை சிறுநீர் கழித்துவிடும். ஆகவே அனுபவசாலிகள் ஜெல்லைச் சற்றுச் சூடாக்கி, முதலில் சிறுநீர்ப்பையைப் பார்த்துவிடுகிறார்கள். பிறகு தாய் பால் கொடுத்து அமர்த்திய குழந்தையை மடியிலேயே குப்புறக் கிடத்தி, முதுகுப் பக்கமிருந்து சிறுநீரகம். தோலுக்கு மிக அருகே இருப்பதால் அதிக அதிர்வெண் கொண்ட சிறு புரோப்பில் படம் துல்லியமாக விழும். பத்து நிமிட வேலை. கதிர்வீச்சு இல்லை, மயக்க மருந்து இல்லை.

இதனால் முடியாதவையும் உண்டு. ஸ்கேன் வடிவத்தைக் காட்டும். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று சொல்லாது. சிறுநீர் மேல்நோக்கி எதிர்த்து ஏறுவதையும், பழைய காய்ச்சல்கள் விட்டுப்போன தழும்பையும் பல நேரம் தவறவிடும். தழும்புக்கு டிஎம்எஸ்ஏ என்ற வேறு வகை ஸ்கேன் வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் காரணம் புரியாத காய்ச்சல் வந்தால் பல் முளைக்கிற காய்ச்சல் என்றும், அழுதுகொண்டே இருந்தால் உரம் விழுந்தது என்றும் சொல்லி நாள் கடத்துவது இங்கே வழக்கம். அங்கே முதலில் வேண்டியது சுத்தமாகப் பிடித்த சிறுநீர்ப் பரிசோதனை. சிறுநீர்த் தொற்று உறுதியான பிறகே ஸ்கேன்.

சட்டமும் ஒரு பக்கம் நிற்கிறது. கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு கருவியும் பதிவு செய்யப்பட்ட இடத்தோடு கட்டப்பட்டது. கையடக்கக் கருவியைத் தடுப்பூசி முகாமுக்குத் தூக்கிச் செல்ல முடியாது. அந்தக் கட்டுப்பாடு நியாயமானது, தளர்த்தக் கேட்பதும் வேண்டாத வேலை. கருவி குழந்தையிடம் வர முடியாதபோது குழந்தையைக் கருவியிடம் அனுப்பும் சீட்டு இன்னும் தெளிவாக இருக்க வேண்டும் என்பதே இதிலிருந்து பெறப்படுவது.

மேல்சிகிச்சைக்கு இடமுண்டு. 1965இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியில், 2019 ஜனவரி 27 அன்று உயர்சிறப்பு சிகிச்சைப் பிரிவு திறக்கப்பட்டது. ஆனால் பாபநாசத்துக்கு மேலே காரையாறு காணிக் குடியிருப்பிலிருந்து, அந்தக் கல்லூரி இருக்கும் பாளையங்கோட்டைக்கு வந்துபோக ஒரு நாள் கூலி போய்விடும். அப்படி வருகிறவர்களை ‘லேசான வீக்கம், மூன்று மாதம் கழித்துப் பார்க்கவும்’ என்று எழுதி அனுப்பினால், மூன்று மாதம் கழித்து வேறொரு மருத்துவர் எதோடு எதை ஒப்பிடுவார்? இரு பக்கமும் நீளம் எத்தனை செ.மீ., பெல்விஸ் எத்தனை மி.மீ., படுக்கவைத்து எடுத்ததா குப்புறக் கிடத்தி எடுத்ததா, எடுக்கும்போது சிறுநீர்ப்பை நிறைந்திருந்ததா காலியா என்று எழுத வேண்டும். நிறைந்த சிறுநீர்ப்பை பெல்விஸையும் கொஞ்சம் பெரிதாகக் காட்டிவிடும்.