வண்டி மையும் அந்தமான் சாலையும்

மாட்டுவண்டியின் அடியில் மைக்குழாய் தொங்கிய காலத்தை நம்மிற் பலர் இன்னும் மறந்திருக்க மாட்டோம். வைக்கோல் கரியை ஆமணக்கெண்ணெயிற் குழைத்து ஆக்கிய வண்டி மை அதனுள் இருக்கும். நெடுவழி புறப்படும் வண்டிக்காரர் கடையாணியைக் கழற்றிச் சக்கரத்தை விலக்கி, அச்சில் மை தடவிய பின்னரே மாடுகளைப் பூட்டுவார். மை காணாத வண்டி ஊரெல்லாம் கேட்கும்படி கிறீச்சிடும். பிறகு அச்சுத் தேய்ந்து நடுவழியில் நிற்கும். உராயும் இரண்டு பரப்புகளுக்கிடையே மெல்லிய படலம் ஒன்று நின்றால் இரண்டும் பிழைக்கும் என்பதை அவர் நூல் எதுவும் கல்லாமலே அறிந்திருந்தார்.

அப்படலம் எவ்வாறு பாரத்தைத் தாங்குகிறது என்பதை மேனாட்டார் கண்டது 1883-ஆம் ஆண்டையொட்டித்தான். இரயில் வண்டி அச்சுகளை ஆராய்ந்த பியூச்சம்ப் டவர் என்னும் ஆங்கிலப் பொறியாளர், அச்சின் மேற்பாகத் தாங்கியில் ஒரு துளையிட்டார். அதன் வழியே எண்ணெய் பொங்கி வந்தது. அடைப்பான் வைத்து மூடினார். எண்ணெய் அதனையும் வெளியே தள்ளிவிட்டது. சுழலும் அச்சு எண்ணெயைத் தானே இழுத்து, பேரழுத்தத்தோடு பாரத்தைத் தூக்கி நிறுத்துகிறது என்பது அதனால் விளங்கிற்று. 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணித விளக்கம் தந்தார். அதே 1883-இல்தான் அந்தமானின் சாத்தம் தீவில் மர அறுவை ஆலை தோன்றியது. யானைகள் காட்டிலிருந்து மரங்களை இழுத்துவந்த அத்தீவுகளில் இயந்திர யுகம் அவ்வாலையோடு காலூன்றியது எனலாம்.

எண்ணெய் என்றதும் அந்தமானில் வேறொரு நினைவும் எழாமற் போகாது. 1906-இல் கட்டி முடிந்த செல்லுலர் சிறையில் கைதிகள் மாடுகளைப்போலச் செக்கிழுத்து, நாளொன்றுக்கு 30 பவுண்டு தேங்காயெண்ணெய் எடுக்க வேண்டியிருந்தது. கோவைச் சிறையில் வ. உ. சிதம்பரனார் செக்கிழுத்ததை அறிந்த நமக்கு அக்கொடுமையை விளக்க வேண்டுவதில்லை. தாவர எண்ணெய்க்குக் குறைவில்லாத தீவுகள்தாம் அவை. ஆயினும் மோட்டார் எஞ்சினுக்கு அவ்வெண்ணெய் ஆகாது. வெப்பத்திலும் காற்றிலும் கெட்டுப் பிசினாகிவிடும். ஆமணக்கெண்ணெய் உலோகத்தை விடாமற் பற்றும் குணத்தால் முதல் உலகப் போர்க்கால விமான எஞ்சின்களில் பெரிதும் பயன்பட்டது. அதற்கும் பிசினாகும் குற்றம் உண்டு. ஆகவே 1859-க்குப் பின் பெருகிய பெட்ரோலியத்திலிருந்து வடித்த மசகெண்ணெயே நிலைபெற்றது. பட்டறைகளில் அதனை ஆயில் என்றே சொல்லுவர். இத்தீவுகளுக்கு அது கப்பலேறித்தான் வரவேண்டும். சென்னையிலிருந்து கடல்வழி ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். உதிரி உறுப்புகளும் அவ்வழியே வருவதால், தேய்ந்த ஒன்றுக்கு மாற்று வரும்வரை வண்டி காத்துக் கிடப்பது அங்கே புதுமையன்று.

போர்ட் பிளேரிலிருந்து (2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறியது) வடக்கே திக்லிப்பூர் வரை செல்லும் அந்தமான் நெடுஞ்சாலைப் பணி 1970-களில் நடைபெற்றது. ஜாரவா மக்களின் காப்புக்காட்டை ஊடறுத்து அதனை அமைத்தது முறைதானா என்ற வினா இன்றும் தீரவில்லை. 2002-இல் உச்ச நீதிமன்றம் அப்பகுதியை மூட ஆணையிட்டதும் உண்டு. ஆயினும் போக்குவரத்து நிற்கவில்லை. ஜிர்காடாங் சாவடியில் வண்டிகள் வரிசையாக நின்று, குறித்த நேரத்தில், மட்டான வேகத்தில் காட்டைக் கடக்கின்றன. மிடில் ஸ்ட்ரெயிட் என்னும் நீரிணையில் பெரும் படகேறி அக்கரை செல்லுகின்றன. வடதீவு நோயாளி தலைநகரின் பெரிய மருத்துவமனையை அடைவதற்கும் பெரும்பாலும் இச்சாலையே வழி.

இங்கேதான் மசகெண்ணெயின் சோதனை தொடங்குகிறது. ஒரு லிட்டர் எரிபொருள் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாக உண்டாகும். அதில் ஒரு சிறு பங்கு பிஸ்டன் வளையங்களைக் கடந்து எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்குகிறது. நெடுந்தூரம் சூடேறி ஓடும் வண்டியில் அது ஆவியாகி வெளியேறிவிடும். சாவடியிலும் படகுத்துறையிலும் எஞ்சின் ஓடியபடி நிற்கும் வண்டியிலும், சிற்றூருக்குள்ளேயே உலவும் வண்டியிலும் அது தங்கிவிடுகிறது. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் அந்நாட்டு ஈரக்காற்று இதற்குத் துணை. நீர் கலந்த எண்ணெய் மோர்போல் வெளுக்கும். எரிபொருளின் கழிவோடு சேர்ந்து அமிலமாகி பேரிங்குகளை அரிக்கும். அமிலத்தை முறிக்க எண்ணெயிற் சேர்த்துள்ள மருந்துப் பொருள்களும் நாளடைவில் தீர்ந்துபோகும். வண்டி ஓடிய தூரமோ சொற்பமாக இருக்கும். ஆகவே கிலோமீட்டர்க் கணக்கை மட்டும் நம்புவது தீவில் பிழை. மாதக் கணக்கே மெய்யான கணக்கு. உற்பத்தியாளர் கையேடுகளும் கடினமான உபயோகத்துக்குக் குறுகிய தவணை சொல்லுகின்றன. தீவு வண்டிகள் பெரும்பாலும் அவ்வினத்தைச் சேர்ந்தவையே என்பது நம் கருத்து.

கிரீஸின் கதையும் இதுவே. முற்காலத்துச் சோடியம் கிரீஸ் வெப்பத்தைத் தாங்கும், நீரிற் கரையும். சுண்ணாம்பு கிரீஸ் நீரைத் தாங்கும், வெப்பத்தில் உருகும். 1940-களில் வந்த லித்தியம் கிரீஸ் இரண்டையும் ஓரளவு தாங்குவதால் இன்று பரவலாக வழங்குகிறது. எனினும் படகுத்துறையின் உப்புநீரில் சக்கரம் நனையும் வண்டிக்கு, பேரிங்கைக் கழற்றிக் கழுவிப் புது கிரீஸ் வைக்கும் வேலை சமவெளி வண்டியைவிட அடிக்கடி வரும்.

எண்ணெயின் தடிப்பைக் குறித்து மட்டும் தீவினர் அதிகம் கலங்க வேண்டுவதில்லை. எஸ்.ஏ.இ. என்னும் அமெரிக்கப் பொறியாளர் சங்கம் 1911 முதல் வகுத்துவரும் எண்களில், டபிள்யூ என்னும் எழுத்துக்கு முந்தியது குளிர்காலப் பாய்வைக் காட்டும். உறைபனி காணாத நாட்டில் அதன் முக்கியம் குறைவு. தடித்த எண்ணெயே உறுதி என்று எண்ணி, 15டபிள்யூ-40 கேட்கும் எஞ்சினுக்கு அதனினும் தடித்ததை வார்ப்பவர் உண்டு. பழைய எஞ்சின் அதனைப் பொறுக்கலாம். 2020-க்குப் பின் வந்த டீசல் வண்டியில் கையேடு குறிக்காத எண்ணெய், புகைவடிகட்டியைச் சாம்பலால் அடைத்துவிடக்கூடும். எண்ணெய் கறுத்திருப்பது கண்டு அஞ்சுவோரும் பலர். கருமை கரியைச் சுமந்துவரும் அடையாளம். டீசல் எஞ்சினில் அது இயல்பு. அளவுக் கம்பியை உருவிப் பார்க்கும்போது நுனியில் வெண்ணுரை தெரிந்தால், ஓடிய தூரம் எத்துணைக் குறைவாயினும், அன்றே பழைய எண்ணெயை இறக்கி, அந்நீர் வந்த வழியையும் பார்த்துவிட வேண்டும்.