எனியாக்கின் ஆறு பெண்கள்

1946 பிப்ரவரி 15. ஃபிலடெல்ஃபியாவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எனியாக் கணினியைப் பிரமுகர்கள் முன் இயக்கிக் காட்டினார்கள். சுமார் 18,000 வால்வுகள், 30 டன் எடை. பீரங்கிக் குண்டு இலக்கை எட்ட 30 வினாடி ஆகுமென்றால், அதன் பாதையை 20 வினாடியில் கணக்கிட்டுவிட்டது. மேசைக் கணிப்பானோடு உட்கார்ந்து ஒருவர் அதே கணக்கைப் போட 30 மணி நேரத்துக்கு மேலாகும். 'ராட்சத மூளை' என்று பத்திரிகைகள் கொண்டாடின.

அந்த மூளைக்கு வேலை சொல்லிக்கொடுத்த பெண்களைப் பற்றிச் செய்திகளில் பேச்சே இல்லை. கே மெக்நல்டி, ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான்சிஸ் பைலஸ், ரூத் லிக்டர்மேன்: மொத்தம் ஆறு பேர். தொடக்கத்தில் இயந்திரம் இருந்த அறைக்குள் நுழையவே அவர்களுக்கு அனுமதி கிடையாது. வரைபடங்களைப் பார்த்தே அதைக் கற்றுக்கொண்டார்கள். கையேடும் இல்லை, நிரல்மொழியும் இல்லை. கம்பிகளை மாற்றிச் செருகுவதும் சுவிட்சுகளைத் திருப்பி வைப்பதும்தான் நிரல்.

விழாவுக்கு முந்தைய இரவு கணக்கு தகராறு செய்தது. குண்டு தரையில் விழுந்த பிறகும் எண்கள் நிற்காமல் வந்தன, பூமியைத் துளைத்துக்கொண்டு அது போய்க்கொண்டே இருப்பதுபோல. ஸ்னைடரும் ஜென்னிங்ஸும் எவ்வளவு தேடியும் பிழை பிடிபடவில்லை. தூங்கி எழுந்தபோது ஸ்னைடருக்கு விடை கிடைத்திருந்தது. காலையில் நேரே போய் ஒரே ஒரு சுவிட்சைத் திருப்பினார். கணக்கு சரியாக நின்றது. அன்றிரவு நடந்த விருந்துக்கு இந்தப் பெண்களை யாரும் அழைக்கவில்லை.

இத்தனைக்கும் புகைப்படங்களில் அவர்கள் இருந்தார்கள். 1980-களில் ஹார்வர்ட் மாணவி கேத்தி கிளைமன் அந்தப் படங்களைப் பார்த்து, இவர்கள் யார் என்று விசாரித்தார். இயந்திரம் எடுப்பாகத் தெரிவதற்காக, ஃபிரிட்ஜ் விளம்பரத்தில் நிறுத்துவதுபோல நிறுத்தப்பட்ட மாடல்கள் என்று பதில் வந்தது. அவர் விடவில்லை. அவர்களில் சிலரைத் தேடிப் பிடித்து, அவர்கள் சொன்னதையெல்லாம் பதிவு செய்தார். தொழில்நுட்பத் துறையின் கௌரவப் பட்டியலில் ஆறு பேரும் இடம்பெற 1997 ஆனது.

கறுப்பினப் பெண்களின் காத்திருப்பு இதைவிட நீண்டது. அமெரிக்காவின் லாங்லி விமானவியல் ஆய்வுக்கூடத்தில் 1949-லேயே ஒரு கணக்கீட்டுப் பிரிவுக்குத் தலைமை ஏற்ற டாரத்தி வானை உலகம் பரவலாக அறிந்தது 2016-ல், அவர்களைப் பற்றிய புத்தகமும் படமும் வந்த பிறகு.

செய்தி எழுதுபவர்களின் பழக்கம் அதற்குப் பிறகாவது மாறியிருக்க வேண்டும். மாறவில்லை என்பதைச் செயற்கை நுண்ணறிவுத் துறை காட்டுகிறது. 2018-ல் ஜாய் புலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரு பெண் ஆய்வாளர்கள் முகத்தைப் பார்த்துப் பாலினம் சொல்லும் மென்பொருள்களைச் சோதித்தார்கள். கருநிறப் பெண்கள் விஷயத்தில் பிழை 34.7 சதவீதம் வரை போனது. வெளிர்நிற ஆண்களுக்கு 0.8 சதவீதத்தைத் தாண்டவில்லை. கணினிப் பார்வைத் துறையின் போக்கையே மாற்றிய இமேஜ்நெட் படத்தொகுப்பை ஃபெய்ஃபெய் லி தலைமையிலான குழு 2009-லேயே வெளியிட்டிருந்தது. ஆனால் 2023 டிசம்பரில், இன்றைய செயற்கை நுண்ணறிவு எழுச்சிக்குப் பின்னால் இருப்பவர்கள் என்று நியூயார்க் டைம்ஸ் போட்ட பட்டியலில் ஒரு பெண்கூட இல்லை. லியின் தன்வரலாற்று நூல் கடைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.